ஸ்டாஃப் ரூமில் நடக்கும் முதுகலை



நினைவுச் சொற்பொழிவு என்றால் ஒருவர் வந்து பேசுவதுதான் வழக்கம். இந்த ஆண்டு எங்களைக் குழுவாகவே அழைத்திருக்கிறார்கள். நாங்கள் அரசுப் பள்ளிகளிலும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் வேலை பார்க்கிறவர்கள். சிலர் ஓய்வு பெற்றவர்கள். இரண்டு பேர் பி.எட். கல்லூரியில் பாடம் எடுக்கிறவர்கள். புதிதாகப் பணியில் சேரும் ஆசிரியர் வேலை பார்த்துக்கொண்டே மூன்று ஆண்டுகளில் முடிக்கிற மாதிரி ஒரு முதுகலைப் படிப்புக்கு வரைவு எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆகவே இந்தப் பேச்சில் 'நாங்கள்' என்று வருவது மரியாதைப் பன்மை அல்ல. தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டே எழுதுகிற சிலர், அவ்வளவுதான்.

தலித் இலக்கிய மேடையில் பாடத்திட்டத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நம் தன்வரலாறுகளை எடுத்துப் பாருங்கள். 'கருக்கு' நூலில் ஒரு சிறுமி தேங்காய் திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்டு எல்லோர் முன்னாலும் நிற்கிறாள், சாட்டுகிறவர் தலைமையாசிரியர். ஓம்பிரகாஷ் வால்மீகியின் 'ஜூட்டன்' நூலில் வகுப்பில் உட்கார வேண்டிய பையன் பள்ளி மைதானத்தைப் பெருக்குகிறான். பெருக்கச் சொன்னவர் தலைமையாசிரியர். அண்ணல் அம்பேத்கர் கோணிச் சாக்கில் உட்கார்ந்து படித்ததும், குழாயைத் திறந்துவிடப் பியூன் வரவில்லை என்றால் அன்று தாகத்தோடு வீடு திரும்பியதும் நமக்கு மனப்பாடம். நம் இலக்கியம் பள்ளிக்கூடத்தைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறது. பள்ளிக்கூடம்தான் நம் இலக்கியத்தை இன்னும் தனக்கான பாடமாகப் படிக்கவில்லை. செய்யுள் பகுதியிலோ துணைப்பாடத்திலோ ஒரு பக்கம் வைப்பதை நாங்கள் சொல்லவில்லை. ஆசிரியர் தன் தொழிலைக் கற்றுக்கொள்வதற்கான நூலாகப் படிப்பதைச் சொல்கிறோம்.

அந்தத் தலைமையாசிரியர்கள் அப்படியே பிறந்தவர்கள் அல்ல. அவர்களும் ஒருநாள் புதிய ஆசிரியர்களாக ஒரு பள்ளியின் வாசலில் நின்றவர்கள்தாம். யாரோ அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். எங்கே கற்றுக்கொடுத்தார்கள் என்பதுதான் எங்கள் கேள்வி.

பி.எட். படிப்பு 2015 முதல் இரண்டு ஆண்டு. அதில் சாதி வரும். 'சமூகத் தீமைகள்' என்ற தலைப்பில், தீண்டாமை, வரதட்சணை, மது என்ற வரிசையில் ஐந்து மதிப்பெண் கேள்வியாக வரும். எழுதிவிட்டு வெளியே வருவார்கள். பிறகு டெட், பிறகு டி.ஆர்.பி., பிறகு கலந்தாய்வு, பிறகு பெயர்கூடக் கேள்விப்படாத ஓர் ஊரில் பணி. முதல் நாள் ஸ்டாஃப் ரூமில் டீ கொடுப்பார்கள். "சாருக்கு எந்த ஊரு?" ஊரைச் சொன்னால், "அங்க எந்தப் பக்கம்?" பக்கத்தைச் சொன்னால், "இன்னாரைத் தெரியுமா?" மூன்றாவது கேள்வியில் ஆள் யாரென்று முடிவாகிவிடும். பிறகு பாடம் தொடங்கும். "இந்த ஊர்ல கொஞ்சம் பார்த்து நடந்துக்கணும் சார்." "அந்தத் தெருப் பசங்களை அடிக்காதீங்க, பிரச்சினை ஆயிடும். இந்தத் தெருப் பசங்களைக் கேள்வி கேட்காதீங்க, அதைவிடப் பெரிய பிரச்சினை ஆயிடும்." "காலனிப் பசங்களுக்கு வீட்ல சொல்லித்தர ஆளில்ல, விடுங்க." உதவித்தொகைப் படிவம் வரும் நாளில் வகுப்புக்குப் போய், "எஸ்.சி. பசங்கள்லாம் எந்திரிங்க" என்று சொல்லச் சொல்வார்கள், சீக்கிரம் முடியுமாம். குப்பைக் கூடையை யார் எடுப்பது, குடிநீர்ப் பானையை யார் தொடுவது, கொடியேற்றும் நாளில் யார் முன்வரிசை, இவையெல்லாம் சுற்றறிக்கை இல்லாமலே புரிந்துவிடும்.

தகுதிகாண் பருவம் இரண்டு ஆண்டு. எதிர்த்துப் பேச முடியாத காலம். அந்தக் காலத்தில்தான் இத்தனையும் கற்பிக்கப்படுகிறது. முதுகலைப் பட்டம் வாங்க எவ்வளவு காலம் ஆகுமோ அதே காலம். நம் பள்ளிகளில் புதிய ஆசிரியருக்கு ஒரு முதுகலைப் படிப்பு ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது, தோழர்களே. அதன் பாடத்துறை சாதி. வகுப்பறை ஸ்டாஃப் ரூம். பேராசிரியர்கள் பெரும்பாலும் நல்ல மனிதர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தங்கள் வண்டியில் கொண்டுபோய் விடுகிறவர்கள். அதனால்தான் அந்தப் படிப்பு அவ்வளவு நன்றாக மனதில் ஏறுகிறது.

எதிர்ப்படிப்பு ஒன்று வேண்டும் என்றால் அது அதே ஆண்டுகளில், அதே பள்ளியில் நடக்க வேண்டும். வேலைக்கு முன்னால் சொல்லிக்கொடுத்தது ஸ்டாஃப் ரூமில் கரைந்துபோகிறது. இருபது ஆண்டு கழித்துச் சொல்லிக்கொடுத்தால் ஏறுவதில்லை. எங்கள் வரைவின் அடிப்படை இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதை எப்படி நடத்துவது என்பது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் தடுக்க வந்த அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் உடன்படித்த மாணவர்கள். அதன் பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தார்கள். 2024 ஜூனில் அறிக்கை வந்தது. சாதி அடையாளக் கயிறுகளுக்குத் தடை, வகுப்பில் சாதியைக் குறிப்பிடக் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, ஆசிரியர் பயிற்சிப் பாடத்திட்டம் மாற வேண்டும் என்று பல பரிந்துரைகள். அந்த அறிக்கையை நாம் ஆதரிக்கிறோம். ஆனால் கயிற்றின் கதையை நினைத்துப் பாருங்கள். 2019இலேயே கயிறுகளைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது. சில நாட்களில் பழைய நிலையே தொடரும் என்று அமைச்சர் சொல்லிவிட்டார். மாணவன் கையிலிருக்கும் கயிற்றைக் கழற்றச் சொல்ல வேண்டியவர், நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து இறங்கும் இருபத்தாறு வயதுப் பெண். அவர் பின்னால் யார் நிற்கிறார்கள்? சுற்றறிக்கை நிற்காது. வட்டார வள மையத்தில் நடக்கும் இரண்டு நாள் பயிற்சி நிற்காது. அங்கே கையெழுத்து, டீ, போண்டா, குழுப் புகைப்படம், பதிவேற்றம். போண்டா மட்டும் உண்மையிலேயே நன்றாக இருக்கும்.

ஏற்கெனவே எம்.எட். இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அதுவும் இரண்டு ஆண்டு. ஆனால் அது ஆசிரியர்களுக்குக் கற்பிக்கப் போகிறவர்களுக்கான படிப்பு. பணியிலிருப்பவர்கள் அதையும் பிற முதுகலைகளையும் அஞ்சல் வழியில் படித்ததற்குப் பெரிய காரணம் ஊக்க ஊதிய உயர்வு. 2020 மார்ச்சில் அரசு அதை நிறுத்தியது. அதோடு அந்த ஆர்வமும் அடங்கியது. அந்த நாட்களில் எழுதப்பட்ட ஆய்வேடுகளைப் பார்த்திருக்கிறீர்களா? 'உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களின் மனப்பான்மை: ஓர் ஆய்வு.' ஒரு வினாநிரல், சராசரி, திட்டவிலக்கம், டி-சோதனை, 'குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை' என்ற முடிவு. பல்கலைக்கழக வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் கேட்டால் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றித் தருவார்கள். இன்னொரு முறை அதே மாதிரி ஒரு பட்டம் உருவாக நாம் உழைக்க வேண்டியதில்லை.

வெளிநாடுகளையும் பார்த்தோம். பின்லாந்தில் 1979 முதல் ஆசிரியராக வேண்டும் என்றாலே முதுகலை. அது வேலைக்கு முந்தைய படிப்பு. நாம் கேட்பது வேறு. நமக்கு நெருக்கமானது வேல்ஸ். 2012இல் அங்கே புதிதாகப் பணியேற்ற ஆசிரியர்களுக்கென்றே கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் தலைமையில் ஒரு முதுகலை தொடங்கினார்கள். மூன்று ஆண்டு, தன் வகுப்பறையே ஆய்வுக்களம், வெளியிலிருந்து வந்து உடன் உட்காரும் வழிகாட்டி. நல்ல வடிவம். சில ஆண்டுகளிலேயே புதிய சேர்க்கையை நிறுத்திவிட்டார்கள். இங்கிலாந்தில் அதற்கு முன்பே ஒன்று தொடங்கி, 2010இல் ஆட்சி மாறியதும் நிதி நின்றது. இதிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது ஒன்று: அமைச்சரின் அறிவிப்பை மட்டும் நம்பி நிற்கும் படிப்பு அமைச்சரோடு போய்விடும். அதை விட மனமில்லாத ஊர்க்காரர்களும் ஆசிரியர் சங்கங்களும் இருக்க வேண்டும். வேல்ஸில் சாதி கிடையாது. ஆகவே வழிகாட்டியை யார் என்று அவர்கள் அவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நாம் யோசித்தாக வேண்டும். அதற்கு வருகிறோம்.

முதல் ஆண்டில் என்ன படிப்பது? தொடக்கத்தில் தத்துவம் வேண்டாம் என்று முடிவு செய்தோம். முதலில் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். இதற்கு எங்களுக்குக் கிடைத்த சிறந்த பாடநூல் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட 'ஜீவிய சரித்திர சுருக்கம்'. கோயம்புத்தூரில் அவர் படித்த பள்ளியில் ஏறக்குறைய எல்லோரும் பார்ப்பனப் பிள்ளைகள். தன் சாதி தெரிந்துவிடும் என்ற பயத்தில் அவர் மற்றப் பிள்ளைகளோடு பழகவில்லை. மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்திருந்து, அடித்த பிறகே வகுப்புக்குள் போனார். பள்ளி விட்டதும் யாரும் எட்டிப் பிடிக்காதபடி வேகமாக வீட்டுக்கு நடந்தார். நாங்கள் இதைப் பயிற்சி வகுப்பில் வைத்துக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அந்தப் பையனின் ஆசிரியர் என்ன பார்த்திருப்பார்? தினமும் மணி அடித்த பிறகு வரும் ஒரு பையனை. வருகைப்பதிவேட்டில் அவன் தாமதமாக வருகிறவன். விளையாட்டில் ஆர்வம் இல்லாதவன். யாரோடும் ஒட்டாதவன். இன்றைய வார்த்தையில் சொன்னால் நடத்தைச் சிக்கல். பார்வையில் பிழை இல்லை. பார்த்தது முழுவதும் உண்மை. தெரியவேண்டியது மட்டும் தெரியவில்லை.

ஆகவே முதல் ஆண்டின் வேலை ஒரு பதிவேடு. அரசு கேட்கும் பதிவேடு அல்ல, தலைமையாசிரியருக்குக் காட்ட வேண்டியதும் அல்ல. என் வகுப்பில் யார் யார் பக்கத்தில் உட்காருகிறார்கள்? யாருடைய பாட்டிலில் யார் தண்ணீர் குடிப்பதில்லை? நான் கேள்வி கேட்கும்போது என் கண் எந்த வரிசைக்குப் போகிறது? எந்த மாதத்தில் யார் பள்ளிக்கு வருவதில்லை, செங்கல் சூளையா, கரும்பு வெட்டா, தங்கையைப் பார்த்துக்கொள்ளவா? பிள்ளையின் வீடு வரை எத்தனை முறை நடந்திருக்கிறேன்? ஊர்த்தெருவில் நடந்தேனா, சேரிக்குள்ளும் போனேனா? ஓர் ஆண்டு முழுக்க இதை எழுதினால் கையில் ஒரு பள்ளியின் வரலாறு இருக்கும். இதற்கு இணையாகத்தான் வாசிப்பு. அம்பேத்கர், பாமா, வால்மீகி, ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்'. ஒவ்வொன்றிலும் அந்த இடத்தில் நான் ஆசிரியராக இருந்திருந்தால் அன்று மாலை நாலரை மணிக்கு என்ன செய்திருப்பேன் என்று எழுத வேண்டும். 'சாதி கொடியது' என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

இரண்டாம் ஆண்டில்தான் எங்களுக்குள் பெரிய சண்டை. குழுவில் சிலர் சட்டம், உரிமை, இட ஒதுக்கீட்டின் வரலாறு என்று அடுக்கினார்கள். ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் குறுக்கிட்டார். "ஆறாங்கிளாஸ் காலனிப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியல. நீங்க அந்த வாத்தியாருக்கு வன்கொடுமைச் சட்டம் நடத்தப் போறீங்களா?" அந்தக் கேள்வி வரைவையே திருப்பிப்போட்டது. ஒரு தலித் பிள்ளைக்குப் பள்ளி செய்யும் அநீதிகளில் மிகப் பெரியது, மிக அமைதியானது, அவனுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்காமல் தேர்ச்சி போட்டு அனுப்புவதுதான். அதற்குப் புகார் இல்லை, வழக்கு இல்லை, செய்தி இல்லை. 'மெல்லக் கற்போர்' என்று ஒரு பெயர் இருக்கிறது; அந்தப் பெயரை ஒட்டியதும் ஆசிரியரின் கடமை முடிந்துவிடுகிறது. பட்டியலை எடுத்து எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று பாருங்கள்.

ஆகவே இரண்டாம் ஆண்டு முழுக்கப் பாடம் சொல்லிக்கொடுக்கும் கலை. வாசிப்பு எப்படி வருகிறது, பின்னம் ஏன் வரவில்லை, பிள்ளை செய்யும் தப்புக்குள் இருக்கும் கணக்கு என்ன. இதில் மொழியை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்லியாக வேண்டும். வடமாவட்டச் சேரிப் பிள்ளை 'வூட்டாண்ட' என்கிறான், 'துன்னேன்' என்கிறான். ஆசிரியர் சிரிக்கிறார், அல்லது திருத்துகிறார். வகுப்பு சிரிக்கிறது. அந்தப் பிள்ளை அடுத்த ஐந்து ஆண்டுக்கு வகுப்பில் வாய் திறப்பதில்லை. பேசாத பிள்ளைக்கு வாசிப்பு வராது. இதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. தென்மாவட்டத்தில் சொற்கள் வேறு, கதை இதேதான். எங்கள் வரைவில் ஒரு பணி வைத்திருக்கிறோம். தன் வகுப்புப் பிள்ளைகளின் வீட்டிலிருந்து நூறு சொற்களைச் சேகரிக்க வேண்டும். மாட்டுக்கு, கருவிக்கு, மேளத்துக்கு, கறிக்கு, மழைக்கு, திட்டுக்கு. அந்த நூறை வைத்துப் பத்து வாசிப்புப் பாடம் எழுத வேண்டும். ஒரு பள்ளியில் சோதித்துப் பார்த்தோம். பறையின் தோலை எப்படிக் காய்ச்சுவது என்று ஒரு நான்காம் வகுப்புப் பையன் சொல்லச் சொல்ல ஆசிரியர் எழுதிக்கொண்டார். மறுநாள் பலகையில் அதை எழுதிப் போட்டதும், தான் சொன்னதைத் தானே அவன் வாசித்தான். ஆசிரியர் பிற்பட்ட சாதியைச் சேர்ந்தவர், நல்ல பெண். "எனக்கே பாதி வார்த்தை தெரியல தோழர்" என்றார்.

அதே ஆண்டில் சட்டமும் உண்டு, கொஞ்சம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பதினேழாம் பிரிவில் உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது என்பது எத்தனை ஆசிரியருக்குத் தெரியும்? கழிவறையைக் கழுவ எந்தப் பிள்ளைகளை அனுப்புவது என்று தலைமையாசிரியர் கைகாட்டும்போது, உடனிருக்கும் புதிய ஆசிரியர் என்ன செய்யலாம், யாருக்கு எழுதலாம், எழுதினால் தன்னை எப்படிக் காத்துக்கொள்வது என்பதைக் குழுவாக உட்கார்ந்து படிக்க வேண்டும். 2023இல் கரூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் தலித் பெண் சமைக்கிறார் என்று சில பெற்றோர் காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்றார்கள். ஆட்சியர் நேரில் வந்தார், செய்தி ஆனது. ஆட்சியர் ஒருநாள்தான் வருவார். மறுநாள் காலை எட்டு மணிக்குத் தட்டோடு உட்காரும் பிள்ளைகளின் நடுவில் நிற்கப்போவது ஆசிரியர். அவரும் உட்கார்ந்து சாப்பிடுகிறாரா? எங்கள் வரைவில் இது ஒரு தேர்வுக் கேள்வி.

வழிகாட்டிக்கு வருவோம். அவர் அதே பள்ளியைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது, வட்டாரக் கல்வி அலுவலராகவும் கூடாது. தகுதிகாண் பருவ அறிக்கையில் கையெழுத்துப் போடும் எவரும் கூடாது. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், அவர்களில் பாதிக்குக் குறையாமல் தலித் மற்றும் பழங்குடி ஆசிரியர்கள், ஊதியத்தோடு. 'கௌரவ' என்ற சொல்லைச் சேர்த்துச் சும்மா வேலை வாங்குவது வேண்டாம். பட்டத்துக்கும் தகுதிகாண் பருவத்துக்கும் முடிச்சுப் போடலாமா என்று மூன்று கூட்டம் பேசினோம். போட்டால் அரசு இதைக் கவனிக்கும் என்றார்கள் சிலர். போட்டால் தலைமையாசிரியர் கையில் இன்னொரு பிரம்பு கொடுத்த மாதிரி என்றார்கள் மற்றவர்கள். பின்னவர்கள் சொன்னதே சரி. படிப்பு அந்த ஆண்டுகளில் நடக்கும். அதன் மதிப்பெண் பணிப்பதிவேட்டுக்குப் போகாது.

இன்னொன்று. இப்படி ஒரு படிப்பு வந்தால், குழுவில் இருக்கும் தலித் ஆசிரியரைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க, உங்களுக்குத்தான் தெரியும்" என்பார்கள். மற்றவர்கள் படிப்பதற்கு அவர் தன் காயத்தைத் திறந்து காட்ட வேண்டும். இதை அனுமதிக்க மாட்டோம். அவருக்கு வேறு தேவைகள் இருக்கின்றன. பணி கிடைத்த ஊரில் வாடகைக்கு வீடு கிடைப்பதில்லை. ஸ்டாஃப் ரூமில் பகிர்ந்து சாப்பிடும் வட்டத்தில் அவர் டிபன் பாக்ஸ் மட்டும் சுற்றுவதில்லை. கண்டித்தால் மாணவன் சாதிப் பெயரோடு முனகுகிறான். ஒரு வட்டாரத்தில் பன்னிரண்டு பேர் கொண்ட குழு சனிக்கிழமைதோறும் கூட வேண்டும் என்று எழுதியிருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். தனியாக நிற்பவர் சீக்கிரம் ஸ்டாஃப் ரூமிடம் சரணடைவார், அல்லது இடமாறுதல் வாங்கிக்கொண்டு போவார்.

சேர்க்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிரந்தரப் பணியில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று வைத்தால் இந்தப் படிப்பு நம் பிள்ளைகளை வந்தடையாது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் பல, காலிப் பணியிடங்களோடும் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக வந்த தொகுப்பூதிய ஆசிரியர்களோடும் ஓடுகின்றன. அவர்களும் புதிய ஆசிரியர்கள்தாம். பெரும்பாலும் அதே ஊர்ப் பெண்கள். கட்டணம் இல்லாமல், வாரத்தில் அரைநாள் பணிவிடுப்போடு, அவர்களுக்கும் இடம் வேண்டும். அந்த அரைநாளுக்கு மாற்று ஆசிரியர் யார் என்று நிதித்துறை கேட்கும். தேர்தல் பணிக்கும் கணக்கெடுப்புக்கும் ஆசிரியர் போகும்போது யாரும் அப்படிக் கேட்பதில்லை.

மூன்றாம் ஆண்டு ஒரே வேலை. தன் பள்ளியில் ஒன்றை மாற்றி, அது நின்றதா என்று ஓர் ஆண்டு பார்ப்பது. உட்காரும் வரிசையாக இருக்கலாம். பத்துப் பிள்ளைகளுக்கு வாசிப்பு வரவைத்ததாக இருக்கலாம். உதவித்தொகைப் படிவத்தை யாரையும் எழுப்பி நிறுத்தாமல் நிரப்பும் வழியாக இருக்கலாம். சின்னதாக இருக்கட்டும், உண்மையாக இருக்கட்டும். ஆய்வேடு இல்லை, ஜெராக்ஸ் கடைக்காரர் மன்னிக்க வேண்டும். நேர்முகத் தேர்வு பள்ளியிலேயே நடக்கும். ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர், வழிகாட்டி, அந்த வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் மூன்று பேர். அதில் சேரியிலிருந்து ஒருவராவது, வாக்குரிமையோடு. கூலிவேலைக்குப் போகும் ஒரு தாய் எப்படி முதுகலைக்கு மதிப்பெண் போடுவார் என்று எங்களிடம் நிறையப் பேர் கேட்டார்கள். தன் பிள்ளைக்கு வாசிக்க வந்ததா இல்லையா என்று அவருக்குத் தெரியும். பேராசிரியருக்கு அது தெரியாது.

சாவித்திரிபாய் புலே 1848இல் புனேயில் பாடம் எடுக்கத் தொடங்கியவர். அகமத்நகரிலும் புனேயிலும் ஆசிரியப் பயிற்சி பெற்றவர் அவர் என்பதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை. அவர் மேல் எறியப்பட்ட சாணியைப் பற்றித்தான் பேசுகிறோம். அந்தப் பள்ளியில் படித்த முக்தா சால்வே என்ற மாங் சாதிச் சிறுமி, 1855இல், பதினான்கு வயதில், மாங், மகர் மக்களின் துயரத்தை எழுதினாள். 'ஞானோதயா' இதழ் அதை வெளியிட்டது. ஓர் ஆசிரியரின் வேலையை எதை வைத்து மதிப்பிடுவது என்று கேட்கிறவர்களிடம் நாங்கள் அந்தக் கட்டுரையைத்தான் காட்டுகிறோம்.

பட்டம் வழங்கப்போவது யார் என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே கொண்டுபோனால் முதலில் கேட்கப்போவது தேசியக் கவுன்சிலின் விதிமுறையில் இப்படி ஒரு பட்டத்துக்கு இடம் உண்டா என்பதுதான். பட்டம் தாமதமானாலும் இரண்டு வட்டாரங்களில் குழுக்களைத் தொடங்கிவிடலாம் என்பது எங்களில் பெரும்பான்மையோர் கருத்து. சான்றிதழ் இல்லாமல் யார் மூன்று ஆண்டு வருவார்கள் என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வரைவின் படிகள் வாசல் மேசையில் இருக்கின்றன. இங்கே உட்கார்ந்திருக்கும் பி.எட். மாணவர்கள் முதலில் மூன்றாம் பகுதியைப் படியுங்கள். உங்கள் பயிற்சிப் பள்ளியில் பார்த்ததை வைத்து எது நடக்காது என்று ஓரத்தில் எழுதித் தாருங்கள். அடுத்த கூட்டம் வரும் மாதம் இரண்டாவது சனிக்கிழமை, இதே கூடத்தில்.

ஜெய்பீம்.